செக்கிங்

பனியன் கம்பெனியில் துணியைப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் திருமூர்த்தியின் வேலை. கம்பெனியை மூடியபிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டைச் செக்கிங் செய்ய ஆரம்பித்தான். ஸ்டிக்கருக்கு மனைவி கோகிலாவின் பொட்டு அட்டை இருந்தது. கைப்பிடி ஆடும் குக்கரில் ஒரு பொட்டு, விரிசல் விட்ட வாளியில் ஒன்று, பிறகு கதவில், தலையணையில், சாமி படத்தின் கண்ணாடியில். கோகிலா வேலை முடிந்து வரும்போது வீடெங்கும் சிவந்திருக்கும். “ஏனுங்க, ஒண்ணையாச்சும் சரி பண்ணலாமுல்ல?” என்றாள். “சரி பண்றது வேற செக்சன். செக்கிங் கண்டுபிடிச்சு ஒதுக்கறதோட சரி” என்றான். ஒருநாள் அவள் வந்தபோது பொட்டு அட்டை காலியாகக் கிடந்தது. அவன் வெற்றுடம்போடு தூங்கிக்கொண்டிருந்தான். கடைசிப் பொட்டு அவன் நெஞ்சில் இருந்தது. பலமுறை எடுத்து எடுத்து ஒட்டியிருக்க வேண்டும், சுற்றிலும் தோல் கன்றியிருந்தது. எழுப்பாமல் நகத்தால் அதை மெல்ல உரித்தாள். கண்ணாடி முன் போய்த் தன் நெற்றியில் வைத்து அழுத்தினாள். பசை போயிருந்தது. விரலை எடுத்தால் விழுந்துவிடும். எடுக்காமல் நின்றாள்.