பேர் சொல்லி ஒரு ஜெபம்

ஜெபக்கார அக்கா அழுதாள். சும்மா கண்ணைக் கசக்குகிற அழுகை இல்லை. அசல் கண்ணீர், பொலபொலவென்று தையல்காரியின் புறங்கையில் விழுந்தது. பெற்றவள் நானே இப்படி அழவில்லையே என்று தையல்காரிக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"எதையும் உள்ளே வச்சுப் புழுங்காதே. என்கிட்ட சொன்னா ஆண்டவர்கிட்ட சொன்ன மாதிரி. இந்த ரூமைத் தாண்டிப் போகாது."

சபையில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் வந்து நிற்பவள் அக்காதான். அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது? தையல்காரி சொல்லிவிட்டாள், கூடப்பிறந்த தங்கையிடம்கூட மூடி மறைத்ததை.

மகளுக்கு முதுகில் கோளாறு, அதனால்தான் ஒரு வருஷம் படுத்துக் கிடந்தாள் என்று ஊருக்குச் சொன்னது பொய். கோளாறு மனதில். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

"இப்ப நல்லாயிட்டாக்கா. மாத்திரையை நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு, டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டார். நர்சரி ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு, திங்கக்கிழமை சேரணும். நேத்து தானா எழுந்து தலை பின்னிக்கிட்டா. இந்த வேலை மட்டும் கைநழுவிப் போச்சுன்னா மறுபடியும் படுத்துருவா. அப்புறம் என்னால எழுப்ப முடியாதுக்கா."

"எந்த ஸ்கூல்? ஹெட்மிஸ்ட்ரஸ் பேரு என்ன?"

"பேரு எதுக்குக்கா?"

"பொத்தாம்பொதுவா ஜெபிச்சா எப்படி? பேர் சொல்லிக் கேட்கணும். அந்த மாத்திரை பேரையும் சொல்லு, அதையும் வச்சு ஜெபிப்போம்."

மாத்திரையின் பேர் தையல்காரியின் வாயில் நுழையாது. பர்சில் மடித்து வைத்திருந்த பழைய மருந்துச் சீட்டையே எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்து மூடினாள். அக்காவின் மருமகள் உள்ளே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டுப் போனாள்.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் மகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது.

"சின்னப் பிள்ளைங்க இருக்கற இடம், ரிஸ்க் எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நான் சாப்பிட்ட மாத்திரை எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." மகளின் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. "யார்கிட்டம்மா சொன்னே?"

"சத்தியமா ஆண்டவரைத் தவிர யார்கிட்டயும் சொல்லலைடி!"

தையல்காரி பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அதுதான் உண்மை. மகள் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

யார், யார் என்று மண்டையைக் குடைந்துகொண்ட தையல்காரிக்குச் சட்டென்று பிடிபட்டது. மருந்துக்கடைக்காரன்! ஒரு வருஷம் மாத்திரை வாங்கியது அவனிடம்தான். அவன் பையன் படிப்பதும் அதே பள்ளிக்கூடத்தில்தான்.

போட்டிருந்த செருப்பு காலில் நிற்காத வேகத்தில் போனாள். கடையில் நாலு பேர் முன்னால் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "உன் பிள்ளைக்கு இப்படி ஒரு நிலைமை வந்தாத்தான்டா உனக்குப் புரியும்!" என்று கத்தினாள். அந்த மனிதன் கையில் இருமல் மருந்து பாட்டிலோடு திருதிருவென்று விழித்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போய் மடியில் விழுந்தாள். எல்லாவற்றையும் கேட்டு அக்கா மறுபடியும் அழுதாள். அழுது முடித்துவிட்டு, தையல்காரியின் முகத்தை நிமிர்த்தினாள்.

"அடுத்தவன் பிள்ளைக்குச் சாபம் விடலாமா? நீயெல்லாம் சபையில திருவிருந்து எடுக்கறவ! முதல்ல அவனை மன்னி."

"என் பொண்ணு நேத்துலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலைக்கா. எப்படி மன்னிக்கறது?"

"கஷ்டமாத்தான் இருக்கும். கஷ்டமில்லாம மன்னிச்சா அது என்ன மன்னிப்பு? நீ மன்னிக்கலைன்னா உன் ஜெபம் எப்படிக் கேட்கப்படும்? உன் பொண்ணு எப்படி எழுந்திருப்பா? முட்டி போடு."

இரண்டு பேரும் முழங்காலில் நின்றார்கள். ஜன்னல் சாத்திய அந்த அறைதான் தையல்காரியின் கண்ணுக்குள் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் போடுவதுபோல் சொன்னாள்.

"ஆண்டவரே... அந்த மருந்துக்கடைக்காரரை... நான் மன்னிக்கிறேன். அவர் பிள்ளை நல்லா இருக்கட்டும்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு நிஜமாகவே லேசானது. நாளைக்கே கடைக்குப் போய் அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"என் மகளுக்குக் கெடுதல் செஞ்சது யாரா இருந்தாலும் அவங்க குடும்பத்தை ஆசீர்வதியும்னும் சொல்லு," என்றாள் அக்கா கண்ணை மூடியபடியே.

அதையும் சொன்னாள் தையல்காரி. "ஆமென்" என்று இருவரும் முடிப்பதற்குள், உள்ளேயிருந்து போனும் கையுமாக ஓடி வந்தாள் மருமகள்.

"அத்தை, நீங்க பேசினது பலிச்சிருச்சு! ஹெட்மிஸ்ட்ரஸ் நாளைக்கே என்னை வேலையில சேரச் சொல்லிட்டாங்க!"