‘ங்க’ இல்லாத வாய்

“சம்மந்தம் பேச வந்தவங்கள ‘உக்காரு’ன்னா என்னங்க அர்த்தம்? நாங்க என்ன உங்க வீட்டு எடுபிடிங்களா?”

மாப்பிள்ளையின் அம்மா கத்தியது, பக்கத்து வீட்டில், கூட்டிய வாசலையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

பாவம், நாச்சிமுத்து அண்ணன். எங்கள் பொள்ளாச்சித் தெருவில் நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்பவர். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, கழுத்தில் பதித்த கருவிதான் அவருக்காகப் பேசுகிறது. அன்று காலை வந்த அப்டேட், ‘ங்க’வையெல்லாம் வீண் இரைச்சல் என்று கழித்துவிட்டது.

“மன்னிச்சிரு, கொஞ்சம் இரு” என்று கைகூப்பினார். அவ்வளவுதான், கார் கிளம்பிவிட்டது.

மகள் யாழினி கஸ்டமர் கேரைப் பிடித்தாள். “அடுத்த அப்டேட்ல சரியாயிடும் மேடம்.”

சரியானது. அதற்கடுத்ததில் மறுபடி போனது.

“புதுசா ஒண்ணும் வேண்டாங்க. எங்கப்பாவ ஒரே மாதிரி பேச விட்டாப் போதும்” என்று அவள் அழுததையும் கேட்டேன். காது இருக்கிறதே, என்ன செய்ய?

மறுவருஷம் கூட வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டு யாழினி ராய்ப்பூர் போனாள். ரயிலடியில், இன்று எந்தப் பேச்சு வருமோ என்று பயந்து, அண்ணன் கருவியை அணைத்து வைத்திருந்தார். “ஏதாச்சும் சொல்லுங்கப்பா” என்று கெஞ்சினாள். ரயில் நகரும்வரை அவர் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.