பாலத்தடியில் படகு

மழைக்கு ஒதுங்க அருமையான இடம் என்று கால்வாய்ப் பாலத்துக்கு அடியில் படகைக் கட்டச் சொன்னவன் நான்தான். விடிந்து பார்த்தால் வெள்ளம் ஏறி, படகின் கூரை பாலத்தில் முட்டி இறுகியிருந்தது. முன்னேயும் நகரவில்லை, பின்னேயும் நகரவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

"நல்ல எடம் பாத்தடா மாப்ள," என்ற படகிலிருந்த நண்பன் தேவநேயன், வாளியில் கால்வாய்த் தண்ணீரை மொண்டு படகுக்குள்ளேயே கொட்டினான்.

"டேய், லூசாடா நீ?"

"கனம் ஏறுனாத்தான் படகு எறங்கும். எறங்குனாத்தான் வெளிய போலாம். ஊத்துறா!"

நானும் சோற்றுப்பானையால் மொண்டு ஊற்றினேன். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது கூரைக்கு மேலே விரலளவு வெளிச்சம் தெரிந்தது. படகின் விளிம்புக்கும் வெள்ளத்துக்கும் நடுவே மிச்சமிருந்ததும் அதே விரலளவுதான்.

"இன்னும் ஊத்தணுமாடா?" என்றேன்.