சாயக்காரன் பாடிய பாட்டு

அறுவடை முடிந்த மகிழ்ச்சியில் சந்தைத் திடலில் ஊரே கைகோத்து வட்டமாக ஆடியது. கிரோட் பிடில் வாசித்தான். அவன் மனைவி அலசாயிஸின் கையைச் சாயக்காரன் பெர்த்ரான் பிடித்திருந்தான். அந்தக் கைகள் விலகட்டும் என்று கிரோட் வேகத்தைக் கூட்டினான். பிடி இன்னும் இறுகியது. வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அலசாயிஸ்.

"நரம்பு அறுந்துபோச்சு" என்று பொய் சொன்னான்.

"பரவாயில்ல, நான் பாடுறேன். நீங்க ஆடுங்க" என்று பெர்த்ரான் பாடத் தொடங்கினான். வட்டம் மறுபடி சுழன்றது.

அது கிரோட் தன் மனைவிக்காகக் கட்டி, வீட்டுக்குள் அவளுக்கு மட்டும் பாடிக்காட்டிய பாட்டு. அலசாயிஸ் தலைகுனிந்தபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற தச்சர் கிரோட்டின் தோளைத் தொட்டு, "நல்லாயிருக்கே, யாரு கட்டின பாட்டு?" என்று கேட்டார்.