உப்பு பார்க்க வந்தவள்

“உப்பு ஒரு கை குறையுது.”

கோட்டாற்றுக் கல்யாண வீட்டு அடுக்களையில், அத்தனை பேர் முன்னால், புருஷன் பொன்னுலிங்கம் வைத்த அவியலை ருசி பார்த்துவிட்டு உலகம்மை சொன்னாள்.

தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த குலசேகரன் சிரித்தான். “அண்ணாச்சி, இனி தவசிப்பிள்ளை யாரு, நீரா மயினியா?”

பொன்னுலிங்கத்தின் முகம் கறுத்தது. நாஞ்சில்நாட்டு விருந்தில், தலைமைச் சமையல்காரரான தவசிப்பிள்ளை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான். அதற்குமேல் இன்னொருவர் அகப்பையைத் தொடுவது முறையில்லை.

ஆனாலும் உப்பை அள்ளிப் போட்டார். வேறு வழியில்லை.

கொஞ்ச நாள் முன்பு குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தபோது, மயக்கத்தில் மூச்சு தடைப்படாமலிருக்க அவர் வாயில் ஒரு குழல் வைத்தார்கள். அது நாக்கு நரம்பை அமுக்கிவிட்டது. விழித்தபோது நாக்கு மரத்துக் கிடந்தது. சில மாதத்தில் சரியாகலாம் என்றார் டாக்டர்.

அதுவரை வெளியே தெரியக்கூடாது. உப்பு தெரியாத தவசிப்பிள்ளையை யார் கூப்பிடுவார்கள்? பெண்டாட்டியிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை. உள்ளங்கையை நக்கி, கண்ணை மூடித் தலையாட்டிச் சமாளித்தார்.

அதன்பிறகுதான் இவள் இப்படி ஆனாள். காய் நறுக்கும் பெண்களோடு வந்து, ஒவ்வோர் உருளியிலும் குற்றம் சொன்னாள்.

வில்வண்டியில் பெண்டாட்டியோடு ஊர் திரும்பும்போது, பழைய நாட்கள் அவர் நினைவில் வந்தன. ஊரில் திருவிதாங்கூர் ராஜாவின் சக்கரக்காசு புழங்கிய காலம். கல்யாண வீட்டிலிருந்து தூக்குவாளியில் அவியல் கொண்டுவருவார். வாசலிலேயே காத்திருப்பாள். ஒரு வாய் தின்றுவிட்டு, “நல்லாருக்கு” என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் வேகமாக நடந்து வந்ததுண்டு.

“ஏட்டி, நாலு பேரு முன்னால என் மானத்தை வாங்குறதுல உனக்கு என்ன சொகம்?”

உலகம்மை வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க மானம் எங்கயும் போகல்ல. அடங்காப்பிடாரின்னு என்னைத்தான் சொல்லுதாவ. சொல்லிட்டுப் போட்டும்.”

“பின்ன எதுக்கு வாற?”

அவள் குரலைத் தாழ்த்தினாள், வண்டிக்காரன் காதில் விழாதபடி.

“ஆசுபத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு, காப்பியில கருப்பட்டி போட மறந்துட்டேன். நீங்க குடிச்சிட்டு, இனிப்பு பாகமா இருக்குன்னு சொன்னிய.”