ஜன்னலுக்கு வந்த வண்டிகள்

"பூமாலை அண்ணன் அனுப்புனாருங்க. வண்டியில இன்னா சத்தம்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

கொல்லையில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த சூசை மேரிக்கு, முன்பக்க ஜன்னலில் கேட்ட அந்தக் குரலில் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாரத்தில் இது நாலாவது ஆள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனிடம் ஓசியில் வேலை வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? மேரி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

அவள் புருஷன் டோமினிக் திண்டிவனத்தில் இருபது வருடமாக மெக்கானிக். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பூமாலை மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் கடை போட்டவன். இருவருக்கும் ஆகாது. எதிரெதிரே வந்தால் யாராவது ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, மாதா கோவில் பூசைக்கு நடந்து போன டோமினிக்கைப் பனிமூட்டத்தில் பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. போலீஸ் வந்து விசாரித்தது. ஆளையும் பார்க்கவில்லை, நம்பரையும் பார்க்கவில்லை என்றார் டோமினிக். முதுகுத்தண்டு போச்சு, இனிமேல் எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அப்புறம் மனுஷன் பேச்சை விட்டார். சோற்றையும் விட்டார். ஒரு நாள் அபூர்வமாக வாயைத் திறந்து மேரியிடம் கேட்டது எலி மருந்து. மேரி அழுத அழுகையில் அக்கம்பக்கமே கூடிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முதல் வண்டி வந்தது. பூமாலை கடைக்கு வந்த யாரோ ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். டோமினிக் கண்ணை மூடியபடி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், இஞ்சினுக்குள் லூசாகித் தட்டுவது எதுவென்று ஒரே வார்த்தையில், "டேப்பட்டு" என்றார். எலி மருந்து கேட்ட பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

இரண்டு நாள் கழித்து இன்னொருத்தர் வந்தார். அவருக்கு, செயின் தொய்ந்து போய்க் கவரில் இடிக்கிறது என்று முழுசாகச் சொல்லி அனுப்பினார். இப்போதெல்லாம் பதினொரு மணி ஆனால், வண்டி வருகிற நேரமென்று தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்கிறார். கேப்பைக் கூழ் இரண்டு கிண்ணம் குடிக்கிறார்.

மேரிக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால், எந்தச் சத்தமானாலும் பூமாலை கண்டுபிடித்துவிடுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. உழைப்பு இங்கே, பேர் அங்கேயா? இவர் நன்றாக இருந்தபோது கும்பிடுகூடப் போடாதவனாயிற்றே.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்சாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதென்று கிளம்பினாள்.

கடையில் பூமாலை தன்னுடைய கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நன்றாக இருந்த சைலென்சர் போல்ட்டை ஸ்பேனர் போட்டுக் கழற்றித் தொளதொளவென்று விட்டான். தன் வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் காத்திருந்த ஒருத்தரிடம் சாவியைக் கொடுத்தான்.

"டோமினிக் அண்ணன் ஜன்னலாண்ட நிறுத்தி நல்லா முறுக்குங்க. இன்னா சத்தம்னு கேளுங்க. அவரு சொல்றத அப்படியே கேட்டுக்கினு வாங்க. என் வண்டின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மேரி அப்படியே நின்றுவிட்டாள். வந்த வண்டி அத்தனையும் இந்த ஒரே வண்டியா? கொல்லையைவிட்டு வெளியே வந்து அவள் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால்தானே?

திரும்பிய பூமாலைக்கு அவளைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

"சத்தம் கேட்டா பேசறாரு, சாப்பிடறாருன்னு சொன்னாங்க அண்ணி. அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

நாலு வார்த்தை கேட்க வந்தவள் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனான்.

வழியெல்லாம் மேரிக்கு ஒரே கவலை. இதெல்லாம் நாடகம் என்று தெரிந்தால் மனுஷன் மறுபடியும் சோற்றை விட்டுவிடுவார். உயிரையே விட்டாலும் விடுவார். செத்தாலும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஆனாலும் ஒரு நல்லவனை இத்தனை நாள் கரித்துக் கொட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. மத்தியானம் கூழை ஊட்டும்போது, ஞாயிற்றுக்கிழமை பூமாலை வீட்டுக்குக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

டோமினிக் அவளையே பார்த்தார்.

"கொடுத்தனுப்பு. ஆனா, வர்றது எல்லாம் அவன் வண்டிதான்னு எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாத."

மேரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்படிங்க..."

"போல்ட்டக் கழட்டுனா இன்னா, டேப்பட்ட லூஸ் பண்ணா இன்னா? இஞ்சின் சத்தம் ஒண்ணுதான. மொத நாளே தெரிஞ்சிக்கினேன்."

"அப்போ சொன்னா இன்னாங்க? தெரிஞ்சா அவரும் சந்தோஷப்படுவாரு இல்ல?"

"தெரிஞ்சா அவன் ஊரவிட்டே ஓடிடுவான் மேரி. மூணு பொண்ணுங்கள வச்சிக்கினு இருக்கான்."

டோமினிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்கிப் பனியில என்ன அடிச்சிப் போட்டுட்டு நிக்காம போனதும் அதே இஞ்சின்தான்."