காற்று வந்த பக்கம்

நவம்பர் 14. போன வாரம் எங்கள் வாசலில் சோதனைக்குக் காற்றைப் பிடித்தபோது நிரப்பிய படிவத்தில் ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் எழுத வேண்டும். போகும் பக்கத்தை எழுதிவிட்டேன்.

நான் பயிற்சி பெறும் ஆய்வகத்தில் இது இன்னும் யாருக்கும் தெரியாது.

மாலை வகுப்பு முடிந்து தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினேன். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்காரர் குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“மூக்கு உங்க அக்காவுது, பேனா உன்னுது. ரெண்டு பேரும் சேர்ந்து என் வயித்துல அடிச்சிட்டீங்கல்ல?”

புகார் கொடுத்தவள் அக்காதான். ஓயாத தலைவலி, குமட்டல். தெருவெல்லாம் அலைந்து கையெழுத்து வாங்கினாள். நாளை பத்து மணிக்குப் பட்டறைக்குச் சீல் வைக்கிறார்கள்.

அவருடைய ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு முறைத்தார்கள். ஒருவர் என் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினார்.

தோள்பையை முன்னால் இழுத்துக்கொண்டேன். பைக்குள், அந்தக் காற்றைச் சோதித்த கருவி தந்த வரைபடம் இருந்தது.

அது இன்றுதான் வந்தது. சீல் உத்தரவு அதற்கு முன்பே, என் படிவத்தை நம்பிப் போய்விட்டது.

பெயின்ட் தின்னர் என்றால் வரைபடத்தில் டொலுவீன் ஆவியின் கோடு உயர்ந்து நிற்க வேண்டும். எங்கள் வாசலில் குடுவையில் பிடித்த காற்றில் அது பேருக்குத்தான் இருந்தது. ஹெக்சேன் மலைபோல் நின்றது. ஒட்டும் பசையிலிருந்து கிளம்புகிற ஆவி அது.

அதே காற்றை மூன்று முறை கருவியில் ஓட்டிப் பார்த்தேன். கருவியின் மேல் பழி போட முடியவில்லை.

பட்டறை எங்கள் வாசலுக்குத் தெற்கே. அன்று காற்று வடக்கிலிருந்து வந்திருக்கிறது.

அக்கா ஜன்னலிலிருந்து கத்தினாள்: “அவன்கிட்ட என்னடி பேச்சு? நாளையோட ஒழிஞ்சான். உள்ள வா!”

அவர் கையை எடுத்தார். நன்றாக இருங்கள் என்றார். சாபம் அது.

வாசலுக்கு வடக்கே இருக்கும் எங்கள் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. செருப்பு அடிப்பாகங்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா பிரஷ்ஷைப் பசை டப்பாவில் முக்கினாள். மறு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

நான் வகுப்பில் சேர்ந்த மாதம்தான் இந்த வேலையை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

அக்காவிடம் இன்று சொல்லவில்லை.

நாளை: விடிந்ததும் அக்காவிடம் சொல்வது. ஏழு மணிக்குச் சமையலறைக் காற்றைப் பிடிக்க ஒரு குடுவையைத் திறப்பது. ஒன்பதுக்குள் திருத்திய படிவத்தை, சீல் வைக்க வரும் அதிகாரி கையில் கொடுப்பது.